வேக வரம்பு யாருக்காக?

நடைவாசி:
எங்கள் தெருவில் பள்ளி இருக்கிறது. வேக வரம்பை மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 30 ஆக்கச் சொல்லி மனு கொடுத்தோம். அதிகாரிகள் வந்து அளந்துவிட்டு, “100 வண்டிகளில் 85 வண்டி 52-ஐத் தாண்டவில்லை, அதனால் 50 சரிதான்” என்று மறுத்துவிட்டார்கள். ஓட்டுகிறவர்களின் வேகத்தை வைத்தே அவர்களுக்கு வரம்பு போடுவது என்ன நியாயம்?

சாலைக்கணக்கு:
நீண்ட காலமாகப் பல நாடுகளில் புழங்கும் முறை அது. நெரிசல் இல்லாத நேரத்தில் அளப்பார்கள். பெரும்பாலானவர்கள் சாலையைப் பார்த்து நிதானமாகவே ஓட்டுவார்கள் என்பதுதான் அடிப்படை. அகலமான நேர்ச்சாலையில் வெறும் 30 பலகையை நட்டால் யார் மதிப்பார்கள்? ஒரு பலகையை மீறிப் பழகியவர் அடுத்த வளைவில் இருக்கும் எச்சரிக்கைப் பலகையையும் பார்க்க மாட்டார்.

நடைவாசி:
நெடுஞ்சாலைக்கு அது பொருந்தலாம். தெருவைக் கடக்கும் குழந்தை அந்த 85-ல் எங்கே இருக்கிறது? 50-ல் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும், 30-ல் வந்தால் 8 மீட்டர் சொச்சம். கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி ஆகிவிடும். அப்புறம், மோதினால் 50-ல் இருக்கும் ஆற்றல் 30-ல் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதை யாரும் அளக்க வரவில்லை.

தேர்க்கால்:
ஆனால் எல்லாத் தெருவுக்கும் ஒரே எண் என்றால் வம்புதான். பிரிட்டனின் வேல்ஸில் 2023 செப்டம்பரில் தெருவிளக்குள்ள ஊர்ச்சாலைகளுக்குப் பொது வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலாக (சுமார் 32 கிலோமீட்டர்) குறைத்தார்கள். எதிர்ப்பு மனுவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். விதிவிலக்குகளை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

நடைவாசி:
ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992-லேயே 30-க்கு மாறியதே? முக்கியச் சாலைகளை 50-ல் விட்டுவிட்டு மற்றவற்றைக் குறைத்தார்கள். நாங்கள் கேட்பதும் அந்த மாதிரிதான்.

சாலைக்கணக்கு:
சரி, அந்தப் பிரிவினையை நானும் ஏற்கிறேன். ஆனாலும் சாலையைக் குறுக்கி, கடக்கும் இடத்தை மேடாக்காமல் வேகம் இறங்காது.

நடைவாசி:
அதற்கெல்லாம் நிதி ஒதுக்கி முடிப்பதற்குள் இப்போது படிக்கும் பிள்ளைகள் பள்ளியை விட்டே போய்விடுவார்கள். பலகை முதலில் வரட்டும்.

சாலைக்கணக்கு:
அப்படியானால் மனுவை மாற்றி எழுதுங்கள். பள்ளி விடும் நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று நீங்களே எண்ணி அதில் சேர்த்துவிடுங்கள். பலகை வைத்து ஆறு மாதத்தில் மறுபடி அளக்க வேண்டும் என்றும் கேளுங்கள். வேகம் குறையாவிட்டால், கடக்கும் இடத்தை மேடாக்கச் சொல்லிக் கேட்க அந்த அளவே உங்களுக்கு ஆதாரம்.