கைப்பிடியை விட்ட பிறகும் சுழலும் புல்வெட்டி

நியூ ஜெர்சி, எடிசனில் இருக்கிறேன். மே மாதம் பழைய பெட்ரோல் புல்வெட்டி ஒன்று வாங்கினேன்: 21 அங்குலம், 160 சிசி, தள்ளும் வகை. முன்பு வைத்திருந்தவர் பாதுகாப்பு நெம்புகோலை (பிடித்திருக்கும்வரைதான் எஞ்சின் ஓடும்) கைப்பிடியோடு கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார். கை வலிக்கிறதாம்! அந்தக் கம்பியை வெட்டி எறிந்தேன்.

இப்போது நெம்புகோலை விட்டதும் தீப்பொறி நின்றுவிடுகிறது. ஆனால் பிளேடு 8 விநாடி சுழல்கிறது. 1982 முதல் இங்குள்ள விதி 3 விநாடி. வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை.

நெம்புகோலையும் பிரேக்கையும் இணைக்கும் கேபிளைப் புதிதாக மாற்றினேன், பயனில்லை. பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தால், ஃப்ளைவீலை (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) அழுத்தும் பிரேக் கட்டை கண்ணாடிபோல் பளபளத்தது. உப்புத்தாளால் தேய்த்தேன், 6 விநாடிக்கு வந்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியவில்லை.

கட்டையை மட்டும் மாற்றினால் போதுமா, ஸ்பிரிங்கோடு பிரேக் முழுவதையும் மாற்ற வேண்டுமா?