சாம்பல் முட்டியோட கொழும்பிலிருந்து கீரிமலைக்கு: தானே கார் ஓடிப் போறவைக்கு

வெள்ளவத்தை:
பக்கத்து ஃபிளாட் அக்காவின்ர மனுசன் தவறி இண்டைக்கு 19 நாள். 31ஆம் நாள் அந்தியேட்டி, அந்தக் கிரியையைச் செய்து சாம்பலைக் கடலில கரைக்கிறது யாழ்ப்பாணத்துக் கீரிமலையில. மகன் கனடாவிலயிருந்து சென்னை வழியாப் பலாலிக்கு வந்து இறங்குறார். அக்கா சாம்பல் முட்டியோட மனுசன்ர காரைத் தானே ஓடிக்கொண்டு போகப்போறாவாம், ரெயினும் வேண்டாம் வானும் வேண்டாமாம். இப்பிடிப் போனவையைக் கண்டவை, கூடப் போனவை விபரமாச் சொல்லுங்கோ, பேர் வேண்டாம், இருக்கிற இடத்தைப் போட்டு எழுதுங்கோ. ஆறுதல் வார்த்தை எழுதாதேங்கோ, அது வீடு நிறையக் கிடக்கு.

தெஹிவளை:
முதல் காரைப் பாருங்கோ. 19 நாள் அசையாமல் நிண்ட காரில மூண்டு விசயம் பிழைக்கும். பற்றரி: எஞ்சினை நிப்பாட்டி ஒரு இரவு விட்டு மீற்றர் பிடிச்சால் 12.4 வோல்ற்றுக்குக் குறையக் கூடாது. 12ஐத் தொட்டால் சார்ஜ் பண்ணிப் பாருங்கோ, நிக்காட்டி மாத்துங்கோ. டயர்: ஓடிச் சூடாக முதல் காற்றடிக்கவேணும், அளவு டிரைவர் கதவுச் சட்டத்தில ஒட்டியிருக்கும். ஸ்பெயார் டயரையும் பாருங்கோ, அதை ஒருத்தரும் பாக்கிறதில்லை. மூண்டாவது எலி. பேஸ்மென்ட் பார்க்கிங் எண்டால் பொனற்றைத் திறந்து வயர் கடிபட்டிருக்கோ எண்டு பாருங்கோ.

இனிச் சின்ன விசயம் போலத் தெரியிறது ஒண்டு. டிரைவர் சீற்றும் கண்ணாடியளும் அவரின்ர உயரத்துக்கு வைச்சபடிதான் இருக்கும். வெளிக்கிடுற விடியக்காலையில, ஆக்கள் வாசலில நிண்டு பாத்துக்கொண்டிருக்க, அந்த லீவரை இழுத்து சீற்றை முன்னுக்குத் தள்ள வேண்டி வந்தால் அந்த இடத்திலயே உடைஞ்சுபோவா. ரெண்டு நாளுக்கு முன்னமே, தனிய இருக்கேக்க செய்யச் சொல்லுங்கோ. பிறகு காலி வீதியில ஒரு பதினைஞ்சு நிமிசம் ஓடிப் பழகட்டும்.

கார் அவரின்ர பேரில எண்டால் இன்சூரன்ஸுக்குப் போன் எடுத்து, உரிமையாளர் தவறினதைச் சொல்லி, அவ ஓடினால் காப்புறுதி செல்லுமோ எண்டதை எழுத்தில வாங்குங்கோ. வாய்ச்சொல் விபத்து நடந்தால் நிக்காது. வருமான உத்தரவுப் பத்திரம் முடியிற திகதியையும் பாருங்கோ. மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டைக் கொப்பியள் ஒரு கவரில டாஷ்போர்ட்டுக்குள்ள இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனை:
வழி. எல்லாரும் குருநாகல், தம்புள்ளை எண்டுதான் சொல்லுவினம். தனிய ஓடுற ஆளுக்கு நான் புத்தளத்தைத்தான் சொல்லுவன். பேலியகொடையில கட்டுநாயக்க ஹைவேயில ஏறி இறங்கி, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம். அங்கயிருந்து நொச்சியாகமவால அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா. எல்லாம் சேத்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். றோட்டு சமதரை, குருநாகல் பக்கம் போல நெரிசல் இல்லை. புத்தளத்துக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில பொழுதுபட யானை குறுக்கிடும், அதால அந்தத் துண்டை மத்தியானத்துக்கு முதல் தாண்டிடவேணும். விடிய ஐஞ்சுக்கு வெளிக்கிட்டால் சரி.

வவுனியாவில தங்குங்கோ. ஒரே நாளில யாழ்ப்பாணம் எண்டு வீம்பு பிடிக்கவேண்டாம். அடுத்த நாள் மிச்சம் 145 கிலோமீற்றர், மூண்டு மணித்தியாலம். யாழ்ப்பாணம் போற ஏ9 வீதியில வன்னிக்குள்ள நேர் றோட்டு. ஸ்ரியரிங்குக்கு வேலை இல்லை, மனசுக்குத்தான் வேலை. அழுகை வாறது அங்கதான். சிக்னல் போட்டு, தாரை விட்டு நல்லா இறங்கி, ஹஸார்ட் லைற்றைப் போட்டு நிப்பாட்டி, அழுது முடிச்சு, தண்ணி குடிச்சு, பத்து நிமிசம் கழிச்சுத்தான் திரும்ப எடுக்கவேணும். பின்னேரம் மாடுகள் சூட்டுக்குத் தாரில வந்து படுக்கும், லைற் போட்டாலும் எழும்பாது. ஊருக்கு வெளியில காருக்கு 70, ஊருக்குள்ள 50. பொலிஸ் மரத்துக்குப் பின்னால நிக்கும்.

சிலாபத்தில முன்னேஸ்வரம் சிவன் கோயிலைக் கும்பிட்டுட்டுப் போகலாம்.

பம்பலப்பிட்டி:
கொட்டாஞ்சேனை சொன்ன வழி சரி, முன்னேஸ்வரம் பிழை. 31 முடியும்வரை துடக்கு (தீட்டு), கோயிலுக்குள் போவதில்லை. ஏ9இல் வரும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலிலும் அப்படித்தான், கச்சான் (நிலக்கடலை) வாங்கிக்கொண்டு போகலாம், தேங்காய் உடைப்பதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் முட்டி: அடி உருண்டை, வளைவில் உருளும். முட்டி அளவான பிளாஸ்டிக் வாளி ஒன்றில் கீழே பழைய வேட்டியை மடித்துப் போட்டு, முட்டியை இறக்கி, சுற்றிவரத் துணி அடைக்க வேண்டும். வாயை வெள்ளைத் துணியால் மூடி நூலால் இரண்டு சுற்று. டிக்கியில் வைக்காதீர்கள், முன்சீற்றுக்குப் பின்னால், காலடியில், சீற்றுக்கு இடையில் இறுகி நிற்கும்படி. பக்கத்துச் சீற்றில் வைத்து பெல்ட் போடுவோரும் உண்டு. ஆனால் பிரேக் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் கை அங்கே போகும். ஓட்டுபவருக்கு அது ஆபத்து.

அந்தியேட்டிக்குச் சைவக் குருக்களை ஒரு கிழமைக்கு முன்பே பிடித்து, சாமான் துண்டை எழுதி வாங்குங்கள். எள், தர்ப்பை, பச்சரிசி, பால், பழம், தானத்துக்கு வேட்டி, குடை, செருப்பு என்று நீளும். தர்ப்பையை மட்டும் குருக்களையே கொண்டுவரச் சொல்லுங்கள், மிச்சத்தை யாழ்ப்பாணச் சந்தையில் வாங்கலாம். மகன் விமானத்தைத் தவறவிட்டால் யார் கிரியை செய்வது என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். மகள் செய்வதை ஒத்துக்கொள்ளும் குருக்களும் உண்டு, ஒத்துக்கொள்ளாதவரும் உண்டு. கீரிமலைக் கேணியில் குளிக்கப் பெண்களுக்குத் தனி இடம் இருக்கிறது. மாற்று உடுப்பு இரண்டு, படி வழுக்கும்.

வத்தளை:
நித்திரைக் குளிசை தந்திருந்தால் வெளிக்கிடும் முதல் நாள் இரவு அதைப் போட்டுட்டு ஓடலாமோ எண்டு டொக்டரிட்டக் கேளுங்கோ. காலமையும் மயக்கம் நிக்கும். அம்புலன்ஸ் 1990. இரவில கதைக்க ஆள் வேணுமெண்டால் மனநல உதவி எண் 1926, தமிழிலும் கதைப்பினம்.

மட்டக்குளி:
ஒருத்தரும் 32ஆம் நாளைப் பற்றி எழுதேல்லை. மகன் திரும்பிப் போயிடுவார், சொந்தக்காரர் கல்வெட்டை (நினைவுப் புத்தகத்தை) வாங்கிக்கொண்டு போயிடுவினம். பாரம் கூடுறது அங்கதான். உடனே கொழும்புக்குக் காரைத் திருப்பவிடாதேங்கோ. தொண்டைமானாறு சந்நிதி முருகன் கோயிலுக்குப் போகச் சொல்லுங்கோ, அச்சுவேலியால நேர் வழி. அன்னதானக் கந்தன் எண்டு சும்மா சொல்லேல்லை, சுத்திவர மடங்கள். பூசை வாயைத் துணியால கட்டிச் செய்வினம், மந்திரம் இல்லை. ஒரு மாசமா மந்திரமும் ஒப்பாரியும் கேட்ட காதுக்கு அது போதும்.

சாப்பிட மட்டும் போகாமல், காலமை எட்டுக்குள்ள போய் மரக்கறி வெட்ட உதவி வேணுமோ எண்டு கேக்கவேணும். கத்தியும் பலகையும் தருவினம். கத்தரிக்காய் வெட்டுற மனுசியள் "எந்த ஊர் பிள்ளை?" எண்டு கேப்பினம், "என்ன நடந்தது?" எண்டு கேக்க மாட்டினம். அவையில கனபேர் அதே காரியத்துக்கு வந்து போய், பிறகு வந்துகொண்டே இருக்கிறவை. பொட்டு இருக்கோ இல்லையோ எண்டு அங்க ஒருத்தரும் பாக்கிறேல்லை.

ஒரு நாள் போய் அந்த உறவு பிடிபடாது. மாசியம் எண்டு மாசத்துக்கு ஒரு திவசம் வரும், வருசம் முடிய வாற ஆட்டத்திவசம் வரைக்கும். அதில நாலைஞ்சையாவது அங்க சோறு குடுக்கிறதா வைச்சால், மூண்டாம் முறை போகேக்க இவவுக்கெண்டு ஒரு பலகை எடுத்து வைச்சிருப்பினம். கடன் கேக்கிற, காணிக்கதை கதைக்கிற ஆளும் வரும். பாங்க் விபரம், பென்சன் விபரம் வாய் திறக்கவேண்டாம்.

வெள்ளவத்தை:
நன்றி. அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினன். சீற்றை இண்டைக்குப் பின்னேரமே மாத்தப்போறாவாம், என்னை வரவேண்டாமாம். கடலில கரைச்ச பிறகு அந்த வாளியை என்ன செய்யிறது எண்டு கேக்கிறா.

பம்பலப்பிட்டி:
முட்டி கடலோடு போகட்டும். வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு சந்நிதிக்குப் போங்கள், மரக்கறித் தோல் போட எப்போதும் ஒன்று குறையும்.