மலைநாட்டுக்காரர்கள் கண்ணுக்கு லேசர் செய்யக் கூடாதாமே?

தலவாக்கலை டீச்சர்:
போன ஞாயிறு கொட்டகலையில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் ரசத்தின் ஆவி பட்டு என் கண்ணாடி மூடிவிட்டது. கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா, "இதற்கு லேசர் செய்யலாமே" என்றார். டிசம்பர் லீவில் செய்ய யோசனை என்றேன். அவ்வளவுதான், எதிரே இருந்த பெரியவர் ஒருவர் எழும்பாத குறையாக, "மலைநாட்டில் இருப்பவர்கள் அதைச் செய்யவே கூடாது. உயரத்தில் கண் மங்கிப் போகும். எவரெஸ்ட் போன அமெரிக்க டொக்டருக்கே நடந்தது" என்றார். பந்தி முழுக்கத் தலையாட்டியது. அன்று இரவே அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு 27 வயது. இரண்டு கண்ணும் மைனஸ் 5.50. இரண்டு வருடமாகப் பவர் மாறவில்லை. கொழும்பில் எடுத்த ரிப்போர்ட்டில் கருவிழியின் தடிப்பு 498 மைக்ரோன், அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கொஞ்சம் மெல்லியதுதான், யோசித்து வாருங்கள் என்றார் டொக்டர். யோசிக்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள். இந்த எவரெஸ்ட் கதையை யார் கிளப்பிவிட்டது?

கொட்டகலை மாஸ்டர்:
கிளப்பிவிட்டவன் நான்தான் மகள். அந்தப் பெரியவர் நானே. பந்தியில் வாயைத் திறக்காமல் பாயாசம் குடித்துவிட்டு இங்கே வந்து எழுதுகிறீர்கள். பரவாயில்லை.

1996 மே மாதம். பெக் வெதர்ஸ் என்பவர். கண்ணில் ஒப்பரேஷன் செய்தவர். மேலே ஏற ஏறப் பார்வை மங்கி, உச்சிக்குப் போகாமல் வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு புயலில் மாட்டி, கை போய், மூக்குப் போய், உயிர் மிஞ்சியதே பெரிய காரியம். எவரெஸ்ட்டில் அவருக்குக் கண் மங்கியதா, இல்லையா?

ஹட்டன் கண்ணாடிக்கடை:
மங்கியது மாஸ்டர். ஆனால் அது லேசர் இல்லை, கத்தி. ஆர்.கே. என்று ஒரு பழைய முறை. கருவிழியில் சைக்கிள் சில்லின் கம்பிகள் மாதிரி சுற்றிவரக் கீறுவார்கள். ரஷ்யாவில் ஃபியோதரோவ் என்ற டொக்டர் 1970களில் பரப்பியது. கீறல் விழுந்த கருவிழிக்குப் பலம் குறைவு. ஒக்சிசன் குறைந்த உயரத்தில் அது நீர் கோத்து வளைவு மாறிவிடும். இப்போது செய்கிற லேசிக் என்ற லேசர் முறையில் அப்படி இல்லை. மேலே ஒரு மெல்லிய படலத்தை மூடி போலத் தூக்கி, உள்ளே லேசரால் கொஞ்சம் குறைத்துவிட்டு, மூடியைத் திரும்பப் படுக்க வைப்பார்கள். லேசிக் செய்துகொண்டு எவரெஸ்ட் ஏறியவர்களே இருக்கிறார்கள். அதோடு எவரெஸ்ட் 8,848 மீட்டர். நுவரெலியா டவுன் 1,868.

கொட்டகலை மாஸ்டர்:
கத்தியோ லேசரோ, கருவிழியில் கை வைத்தார்களா இல்லையா? என் மாமியாருக்கும் லேசர்தான் செய்தார்கள், கண்புரைக்கு. ஒரு வருடத்தில் மறுபடி மங்கியது. கண்ணாடிக் கடைக்காரர் லேசருக்கு வக்கீலாக வருவதுதான் எனக்கு விளங்கவில்லை. கொழும்பிலிருந்து எத்தனை வீதம் கொமிஷன்?

ஹட்டன் கண்ணாடிக்கடை:
எல்லாரும் லேசர் செய்தால் நான் கடையை மூட வேண்டியதுதான். இதில் கொமிஷன் வேறா? கொமிஷன் பேசுகிறவருடைய பைஃபோக்கல் கண்ணாடிப் பாக்கி இன்னும் என் கொப்பியில் இருக்கிறது.

டயகம பழைய மாணவன்:
நான் செய்துகொண்டவன். மைனஸ் நான்கு. லேசர் விழுந்தது ஒரு கண்ணுக்கு அரை நிமிடம்கூட இல்லை. இமையை ஒரு கம்பியால் விரித்துவைப்பார்கள். மேலே மினுங்குகிற புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை வரும், அதுதான் கொஞ்சம் பயம். மறுநாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடத்து போர்டை வாசித்தேன். பொய் சொல்லமாட்டேன், முதல் மூன்று மாதம் கண் காய்ந்துபோய் சொட்டு மருந்துக் குப்பி சட்டைப் பையிலேயே இருந்தது. இரவில் ரம்பொடை வளைவுகளில் எதிரே வருகிற லொறியின் லைட் பூ மாதிரி விரிந்தது. இப்போது குறைந்துவிட்டது. டயகமயில்தான் இருக்கிறேன். குளிர், பனி, காற்று எல்லாம் இருக்கிறது. கண் மங்கவில்லை.

மாஸ்டருக்கு என்னைத் தெரியும். எட்டாம் வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று சொன்னபோது, "படிக்காததற்குச் சாக்கு" என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பியவர் அவர்தான். கண்ணாடி போட்டது பதினொன்றில். கணக்கில் எஸ், அதாவது சாதாரண பாஸ் கூட வராது என்றார். சி வந்தது சேர்.

கொட்டகலை மாஸ்டர்:
சி என்பது ஏ இல்லை தம்பி. அந்தக் காலத்தில் வகுப்பில் 52 பேர். பாதிப் பேருக்குக் கரும்பலகை தெரியவில்லை, மீதிப் பேருக்குத் தெரிந்தும் பிரயோசனம் இல்லை. பேச்சை மாற்ற வேண்டாம். எவரெஸ்ட்டில் கண் மங்கியதா, இல்லையா?

நோர்வூட் தம்பி:
ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது போல. இந்த லேசரால் சதையைச் சுத்தமாக வெட்டலாம் என்று கண்டுபிடித்ததே நம்ம தமிழன்! ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐபிஎம் கம்பெனியில் இருந்தவர். 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுவந்து லேசர் பிடித்துப் பார்த்தார். கருகாமல் சுத்தமாக வெட்டியது. அதிலிருந்துதான் இந்தக் கண் வைத்தியமே வந்தது. தமிழன் கண்டுபிடித்ததைத் தமிழனே பயப்படுவதா?

பண்டாரவளை ரதி:
அவர் சென்னையில் படித்தவர் என்பது தெரியும். தமிழன் என்று எங்கே எழுதியிருக்கிறது தம்பி? கூட வேலை செய்த இரண்டு அமெரிக்கர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? நேற்றுவரை எங்களை இந்தியத் தமிழர் என்று எழுதாதே, மலையகத் தமிழர் என்று எழுது என்று நீங்கள்தான் சண்டை பிடித்தீர்கள். இன்றைக்கு வான்கோழிக்காக இந்தியாவுக்குப் போய்விட்டீர்கள்.

அதோடு டீச்சருக்கு ஒன்று. எனக்கு 44. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும், லேசர் அதைத் தடுக்காது. இப்போது கண்ணாடியைக் கழற்றினால் கிட்டே வாசிக்கிறீர்கள் அல்லவா? லேசருக்குப் பிறகு அந்த வசதி போய்விடும்.

கொட்டகலை மாஸ்டர்:
கேளுங்கள்! மறுபடி கண்ணாடி என்று அவரே சொல்கிறார்.

பண்டாரவளை ரதி:
அது உங்கள் எவரெஸ்ட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத கண்ணாடி சேர். கொழும்பில் கடற்கரையில் இருப்பவருக்கும் வரும்.

தலவாக்கலை டீச்சர்:
நன்றி ரதி அக்கா. ஆனால் 498 பற்றி யாராவது சொல்ல முடியுமா?

ஹட்டன் கண்ணாடிக்கடை:
டொக்டர் இல்லை, ஆனாலும் கணக்கு இதுதான் மிஸ். சராசரிக் கருவிழி 540 மைக்ரோன் அளவு. மூடிக்கு ஏறத்தாழ 110 போகும். உங்கள் பவருக்கு ஒரு 80 சீவ வேண்டிவரும். மிச்சம் 308. 250க்குக் கீழே போகக் கூடாது என்பது பழைய எல்லை, இப்போது நிறைய டொக்டர்மார் 300 கேட்கிறார்கள். அதனால்தான் யோசிக்கச் சொல்லியிருப்பார். மூடி தூக்காமல் மேல்தோலை மட்டும் எடுத்துவிட்டுச் செய்கிற பி.ஆர்.கே. இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். மூன்று நான்கு நாள் நன்றாக வலிக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும். கருவிழியின் வளைவுப் படத்தையும் கேளுங்கள். கூம்பு மாதிரித் துருத்துகிற சாயல் இருந்தால் எந்த லேசரும் வேண்டாம். பி.ஆர்.கே. செய்தால் சில மாதம் வெயிலில் கூலிங்கிளாஸ் கட்டாயம். உயரமான இடத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், அதனால் கருவிழியில் புகை மாதிரி படியலாம்.

கொட்டகலை மாஸ்டர்:
"உயரமான இடத்தில்"! எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். உயரம். கண். மங்கல். நான் பந்தியில் சொன்னதும் இதுதானே?

ஹட்டன் கண்ணாடிக்கடை:
ஐயோ மாஸ்டர். அது வெயில். ஒரு கூலிங்கிளாஸ் போதும். நீங்கள் சொன்ன எவரெஸ்ட் கதை ஒக்சிசன்.

கொட்டகலை மாஸ்டர்:
வெயிலும் உயரத்தில்தான், ஒக்சிசனும் உயரத்தில்தான். இந்த நாட்டிலேயே உயரமான சிவனொளிபாத மலைக்கு அடிவாரத்தில் பிறந்தவன் நான். எனக்கா உயரம் சொல்லித்தருகிறீர்கள்?

பண்டாரவளை ரதி:
நாட்டிலேயே உயரமானது பீதுருதாலகால சேர், 2,524 மீட்டர். சிவனொளிபாதம் 2,243. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் என்ன பாடம் படிப்பித்தீர்கள்?

மஸ்கெலியா சாமி:
பீதுருதாலகாலவில் டிவி டவர் இருக்கிறது, வேறு என்ன இருக்கிறது? சாமி இருக்கிறாரா? எங்கள் மலையைக் குறைத்துப் பேச வேண்டாம். நல்லதண்ணியிலிருந்து இரவு முழுக்க ஏறிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

பண்டாரவளை ரதி:
மீட்டர் கணக்கில் சாமி வராது அண்ணே.

கொட்டகலை மாஸ்டர்:
நான் கணக்குப் படிப்பித்தவன், புவியியல் இல்லை. சிவனொளிபாதத்துக்கு முப்பது தடவைக்கு மேல் போயிருக்கிறேன்.

டயகம பழைய மாணவன்:
போன சீசனில் நானும் ஏறினேன் சேர், லேசர் செய்த கண்ணோடு. சூரிய உதயத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தேன். நீங்கள் சொன்ன உயரத்தில்தான்.

கொட்டகலை மாஸ்டர்:
2,243 மீட்டர் என்ன பெரிய உயரமா?

தலவாக்கலை டீச்சர்:
சேர், தலவாக்கலை அதைவிடக் குறைவு.

கொட்டகலை மாஸ்டர்:
மகள், சின்னவர்கள் சொல்லுக்குச் சொல் பிடிக்கக் கூடாது. உங்கள் அம்மா என் பக்கம். நான் எல்லாருக்கும் ஒரு கேள்விதான் கேட்டேன். எவரெஸ்ட்டில் கண் மங்கியதா, இல்லையா? ஆம் அல்லது இல்லை. இதுவரை நேரான பதில் வரவில்லை.

ஹட்டன் கண்ணாடிக்கடை:
பாக்கியும் வரவில்லை மாஸ்டர்.