புதுப்பிப்பு: மும்பை மாட்டுங்கா பில்டிங் கதவுக் கைரேகை மெஷின்

கரண்ட் போனா மெயின் டோர் தானா திறந்துக்குது, பாத்திரம் தேய்க்கிற அக்கா விரலை மெஷின் எடுக்கவே மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தேனே, அதோட தொடர்ச்சி.

கதவுல இருக்கிறது காந்தப் பூட்டு. 12 வோல்ட் ஓடுற வரைக்கும்தான் பிடிக்கும். தீப்பிடிச்சா ஆள் உள்ளே மாட்டிக்கக் கூடாதுன்னு வேணும்னே செஞ்ச ஏற்பாடு. அதனால பேட்டரி உள்ள பவர் சப்ளையா மாத்தியாச்சு. பில்லைப் பார்த்த செக்ரட்டரி முகம் போன போக்கு தனிக்கதை!

அக்காவுக்கு சோப்புத் தண்ணியில ரேகையே தேய்ஞ்சிருக்கு. இடது மோதிர விரலைப் பதிஞ்சோம், பாதி நேரம் எடுக்குது. மழைக்காலத்துல ஈர விரலுக்கு அதுவும் சந்தேகம்தான். கதவு திறக்கிற கார்டும் கொடுத்துட்டோம், மெஷினுக்காக அவங்க வாசல்ல நிக்கணுமா என்ன?

மெஷின்ல ரேகைப் படம் இருக்குமான்னு கேட்டவங்களுக்கு: பெரும்பாலும் படம் இருக்காது, ரேகை முடியுற, பிரியுற புள்ளிகள் எங்கே இருக்குன்னு குறிக்கிற எண்கள்தான் இருக்கும். ஆனாலும் வீடு காலி பண்றவங்க பதிவை அழிக்கச் சொல்லிட்டுப் போங்க.