ரிலீஸ் பிளானிங் டூல்: தேதியை எப்படி வைப்பது?

கேள்வி:
ப்ராடக்ட் மேனேஜர்களுக்காக ஒரு ரிலீஸ் பிளானிங் டூல் வடிவமைக்கிறோம். இப்போது ஒவ்வொரு ஃபீச்சருக்கும் ஒரு பட்டை, அதன் முடிவில் ஒரு தேதி. ஒன்று தள்ளிப்போனால் மற்றதையெல்லாம் கையால் நகர்த்த வேண்டியிருக்கிறது. டேட்டா மாடலில் (டூல் தகவலைச் சேமிக்கும் அமைப்பில்) எதை மாற்றலாம்?

பதில் 1:
ஒற்றைத் தேதியைத் தூக்கிவிடுங்கள். கடைசி 10-12 வாரங்களில் வாரத்துக்கு எத்தனை டிக்கெட் (பிரித்துக் கொடுத்த சிறு வேலை) முடிந்தன என்ற எண்களை எடுங்கள். அவற்றிலிருந்து குலுக்கல் முறையில் ஒவ்வொன்றாக எடுத்து, மீதி வேலை தீரும்வரை கூட்டுங்கள். இதை 10,000 முறை ஓட்டினால் தேதிகளின் பரவல் கிடைத்துவிடும். டீமுக்கு 50% தேதி (பாதி ஓட்டங்களில் வேலை அதற்குள் முடிந்திருக்கும்), வெளியே வாக்குக் கொடுக்க 85% தேதி. நடுவில் புதிதாக முளைக்கும் டிக்கெட்டுகளையும் சேர்க்க வேண்டும். இதை விட்டால் கணிக்கும் தேதி எப்போதும் உண்மையைவிட முன்னதாகவே வரும். பலர் சறுக்குவது இங்கேதான்.

பதில் 2:
டிப்ளாய் (நிரலை சர்வரில் ஏற்றுவது), ரிலீஸ் (பயனருக்குத் திறப்பது) இரண்டுக்கும் தனித்தனி ஃபீல்டு கட்டாயம். ஃபீச்சர் ஃப்ளாக் (ஃபீச்சரை ஆன்/ஆஃப் செய்யும் சுவிட்ச்) இருந்தால் நிரல் இன்று போகும், பயனருக்கு அடுத்த மாதம் திறக்கும். ஆப்பிள் ஆப் ஸ்டோரின் படிப்படியான வெளியீடே 7 நாள் ஓடும்: 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம். அதை ஒரே நாளாகக் காட்டினால் சப்போர்ட் டீம் குழம்பும்.

கேட்டவர்:
சார்புகளை (எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதை) எங்கே வைப்பது?

பதில் 2:
ஃபீச்சர் மட்டத்தில் வேண்டாம், டிக்கெட் மட்டத்தில் வையுங்கள். பெரும்பாலும் ஒரு ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) டிக்கெட்தான் தடையாக இருக்கும். முழு ஃபீச்சரையும் கட்டிப்போட்டால் பாதி வேலை வீணாகக் காத்திருக்கும். சுழல் சார்பு (இரண்டு டிக்கெட்டுகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பது போன்றது) வந்தால் சேமிக்கும்போதே தடுத்துவிடுங்கள்.