மறு: மறு: ஸ்பார்க் பிளக்குக்குத் தமிழ்ல என்ன வைக்கலாம்? (வெள்ளிக்குள்ள வேணும்)

ஐடிஐ வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் பசங்களுக்கு தமிழ்ல ஒரு கைநூல் போடுறோம், வெள்ளிக்கிழமை டிடிபிக்கு (கம்ப்யூட்டர்ல அச்சுக்கோக்க) குடுத்தாகணும். நாலாவது பாடம், ரொம்ப ஓடின சிஎன்ஜி (அழுத்தி அடைச்ச இயற்கை வாயு) லாரியில தேஞ்ச ஸ்பார்க் பிளக்கை, அதாவது என்ஜினுக்குள்ள எரிபொருளைப் பத்தவைக்க மின்பொறி குடுக்கிற சாமானை, மாத்துறது. ஷெட்ல நிக்கிற வண்டி மூணு லட்சம் கிலோமீட்டர் தாண்டினது, ஏத்தத்துல மிஸ்ஸிங் அடிக்கும் (என்ஜின் விட்டு விட்டு ஓடும்), நாலு பிளக்கையும் கழட்டிப் பாத்தா நடுமுனை கூர் மழுங்கி குண்டூசித் தலை மாதிரி உருண்டு கிடக்கு, பொறி தாண்டுற கேப்ல, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகடு தாராளமா ஆடுது. இதெல்லாம் எழுதிட்டேன், அந்தச் சாமானுக்குத்தான் பேரு இல்ல. எனக்கு முன்னாடி எழுதினவர் 'தீப்பொறி உண்டாக்கும் அடைப்பான்'னு வச்சிருக்கார், ஒரே பக்கத்துல பதினேழு தடவை வருது. காப்பாத்துங்க.

பழைய லேத்து:

அடைப்பான்னா தண்ணித் தொட்டி மூடி ஞாபகம்தான் வருது. பிளக்குன்னா அடைக்கிறதும் உண்டு சொருகுறதும் உண்டு, சுவத்துல சொருகுறதுக்கு செருகின்னு பழகிடுச்சு. பொறிச்செருகி. முடிஞ்சது, போய் சாப்பிடுங்க.

மதுரைத் தமிழாசிரியை:

> முடிஞ்சது, போய் சாப்பிடுங்க

சாப்பிட்டுட்டே எழுதுறேன் ஐயா. பொறின்னா எந்தப் பொறி? என்ஜினையே பொறிங்கறோம். எலிப்பொறி இருக்கு, ஐம்பொறி இருக்கு, சிலம்புல 'வளைவிற் பொறி' மதில் மேல நிக்கிற போர் எந்திரம், குறள் 618ல 'பொறியின்மை யார்க்கும் பழியன்று'ன்னா அங்க ஊழ். 'பொறியிலிருந்து பொறிச்செருகியைக் கழற்றுக'ன்னு பாடத்துல வந்தா பையன் எதைக் கழட்டுவான்? வச்சே ஆகணும்னா 'தீப்பொறிச் செருகி'ன்னு வைங்க. ச் விட்டுடாதீங்க, பொறியை உண்டாக்கும் செருகி, உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஒற்று போச்சுன்னா 'பொறி, செருகி'ன்னு ரெண்டு சாமானா வாசிப்பான்.

பழைய லேத்து:

நாப்பது வருசமா கரி அப்பின கையோட இருக்கேன் டீச்சர், ஒருத்தனும் பிளக்கைக் கழட்டச் சொன்னா ஐம்பொறியைக் கழட்டினதில்ல.

யாழ்ப்பாணத்தான்:

எனக்கொரு சந்தேகம். அதைச் செருகுறேல்லையே, திருகித்தானே பூட்டுறனாங்கள்? அப்ப திருகி எண்டு வைச்சால் என்ன? நீங்கள் பொறியாளர் எண்டுறியள், நாங்கள் பொறியியலாளர் எண்டுறம், அது கிடக்கட்டும், செய்யிற வேலை சொல்லிலை தெரியோணும்.

ஹூஸ்டன் வாசி:

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதுக்கு என் ஓட்டு, அனுபவத்துல சொல்றேன். என்கிட்ட ஒரு பிக்கப் டிரக், பேரு வேண்டாம், வி8 என்ஜின், ரெண்டு லட்சம் மைல் நெருங்குது. போன மாசம் நானே பிளக் மாத்துறேன்னு சூடா இருக்கும்போதே பானாவை (ஸ்பேனர்) போட்டு வெடுக்குன்னு திருப்பினேன், மேல்பாதி கையோட வந்துடுச்சு, கீழ்பாதி கரி புடிச்சு ஹெட்டுக்குள்ளயே (சிலிண்டர் மேல்மூடி) உக்காந்துக்கிச்சு. ஆற விட்டு, கால் சுத்து தளத்தி, கரி கரைக்கிற எண்ணெய் ஊத்தி ஊறவச்சு, முன்னும் பின்னுமா அசைச்சு எடுக்கணுமாம். யாரோ எனக்கு 'செருகி'ன்னு சொல்லிக் குடுத்திருந்தா இன்னும் மோசமா புடுங்கியிருப்பேன்.

ஐடிஐ வாத்தியார்:

இதை அப்படியே பாடத்துல சேத்துக்கவா சார்? பேரில்லாமத்தான். ஹெட்டு அலுமினியம், 14 மிமீ மரை (திருகுச் சுத்து), பிட்ச், அதாவது சுத்துக்குச் சுத்து இடைவெளி, 1.25 மிமீ, கோணலா ஏத்தினா மரை போயிடும். அதனால முதல் நாலு சுத்து கையாலதான், கை நின்ன பிறகு புது வாஷருன்னா பானாவால அரைச் சுத்துலேருந்து முக்கா சுத்துக்குள்ள, அதுக்கு மேல கூடாதுன்னு எழுதியிருக்கேன். சிஎன்ஜிக்கு வோல்டேஜ் கூடுதலா வேணும், பெட்ரோலை விட கேப் கம்மியா வைக்கணும்னும் இருக்கு. மரையா மறையா, அதையும் சொல்லிடுங்க.

திரிகோணம்:

மரைதான். மரைங்கிறது மான் வகை, முறுக்கின கொம்பு, அதைப் பாத்து திருகாணிச் சுத்துக்கு வந்த பேரு.

மதுரைத் தமிழாசிரியை:

முறுக்குக் கொம்பு மரைக்கு இல்ல தம்பி, இரலைக்கு. அகநானூறு 4, 'இரும்பு திரித்தன்ன மாயிரு மருப்பின்... இரலை தெறிப்ப'. இரும்பை முறுக்கின மாதிரி கொம்புன்னு புலவன் பாடியிருக்கான், நீங்க மானை மாத்திட்டீங்க. அப்படிப் பாத்தா மரைக்கு இரலைன்னுல்ல பேரு வரணும்.

திரிகோணம்:

வைங்களேன், நல்லாத்தானே இருக்கு. சரி அதை விடுங்க, முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எதுக்கு செருகி திருகின்னு சண்டை? புறநானூறு 315, அதியமானை ஔவை சொல்றா, 'இல்லிறைச் செரீஇய ஞெலிகோல் போல'. வீட்டுக் கூரை இறவாரத்துல செருகி வச்ச தீக்கடைகோல், இருக்கறதே தெரியாது, வேணும்னா தீ கக்கும். 'செரீஇய'ன்னு செருகலும் அங்கயே இருக்கு பாருங்க! ஹெட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்து நெருப்பு கக்குறது வேற என்ன? ஞெலிகோல்.

பழைய லேத்து:

கடையில போய் "அண்ணே, நாலு ஞெலிகோல்"னு கேட்டா ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லுவாங்க. ஞெலியிறதுன்னா தேய்ச்சு கடையறது, பிளக்குல எது எதோட உரசுது?

யாழ்ப்பாணத்தான்:

அப்ப 'தேய்ந்த' எண்டதும் பிழைதானே? பொறிதான் உலோகத்தைத் தின்னுது. 'அரித்த' எண்டு போடுங்கோ.

மதுரைத் தமிழாசிரியை:

தேய்பிறைன்னு சொல்றோமே, நிலாவை யாரு உரசுறா? 'தேய்ந்த' இருக்கட்டும்.

ஐடிஐ வாத்தியார்:

வெள்ளி வந்தாச்சு. எண்ணிப் பாத்தேன்: பொறிச்செருகி மூணு (நான் உட்பட), தீப்பொறிச் செருகி ஒண்ணு, திருகி ரெண்டு, ஞெலிகோல் ஒண்ணு. பொறிச்செருகின்னே குடுத்துட்டேன், முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் 'ஸ்பார்க் பிளக் எனும்'னு சேத்து. பானாவுக்குப் பேரு மாத்தல, பானாதான். டிடிபி அம்மா முதல் புரூஃப்ல 'பொரிச்செருகி'ன்னு அடிச்சிருந்தாங்க, பசங்க பாத்துட்டு கடலை எங்க சார்னு கேக்கிறாங்க. திருத்தியாச்சு.

பழைய லேத்து:

நல்லது. டீசல் வண்டியில ஹீட்டர் பிளக்கு வருமே, ஏழாவது பாடம்தானே? அதுல பொறியே வராது, முனை சும்மா செவந்து கனியும், அவ்வளவுதான். அதுக்கு என்ன பேரு?

திரிகோணம்:

செவந்து கனியுமா? அப்ப ஞெலிகோல் அங்க சரியா உக்காரும் ஐயா, ஞெகிழின்னு இன்னொரு சொல்லும் இருக்கு, கொள்ளிக்கட்டை, அதுவும் பாக்கலாம். ஏழாவது பாடம் என்னைக்கு டிடிபிக்குப் போகுது?