நைரேரேயின் உஜாமா கிராமங்கள்: நியாயப்படுத்த முடியுமா?

ஊர்க்குருவி:
கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியா என்று பேச்செடுத்தாலே, அதன் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே ஒரு மகான் என்று முடித்துவிடுகிறார்கள். சோஷலிசமே நாட்டின் பாதை என்ற 1967 அருஷா பிரகடனம், உஜாமா (சுவாஹிலியில் 'குடும்ப உணர்வு') என்ற பெயரில் சேர்ந்து வாழ்ந்து சேர்ந்து உழும் கூட்டுக் கிராமங்கள் எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் 1973 நவம்பரில், கிராமங்களில் குடியேறுவது இனி உத்தரவு என்று அவரே அறிவித்தார். அடுத்த சில வருடங்களில் 50 லட்சம் பேருக்குக் குறையாமல் இடம் பெயர்க்கப்பட்டார்கள். திரும்பிப் போய்விடக் கூடாதென்று பழைய வீடுகளின் கூரையைப் பிரித்தார்கள், பல இடங்களில் கொளுத்தினார்கள். இதை எப்படி மன்னிப்பது?

மணற்கேணி:
நடந்த கொடுமையை நான் மறுக்கவில்லை நண்பரே. ஆனால் 1961-ல் அவர் கைக்கு வந்தது 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் கொண்ட நாடு. தொடக்கக் கல்வியை முழுக்க சுவாஹிலியில் கொண்டுவந்தார். உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளை வேறு வட்டாரங்களுக்கு அனுப்பினார்கள். கிளிமஞ்சாரோ அடிவாரத்துச் சாகா இனப் பையனும் விக்டோரியா ஏரிப் பக்கத்துச் சுகுமா இனப் பையனும் ஒரே விடுதியில் படுத்து எழுந்தார்கள். பக்கத்து ருவாண்டாவில் 1994-ல் நடந்த இனப்படுகொலையும், கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பின் நடந்த இனக்கலவரமும் அங்கே நடக்கவில்லை. அதற்கு ஒரு மதிப்பு கிடையாதா?

ஊர்க்குருவி:
உண்டு. ஆனால் அந்த ஒற்றுமையைக் கொடுத்தது பள்ளிக்கூடமும் சுவாஹிலியும். அதற்காகக் குடும்பங்களை லாரியில் ஏற்றிக் காட்டில் இறக்கிவிட வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

ருவுமா மாகாணத்துக் கதையைப் பாருங்கள். தெற்கே சொங்கேயா பக்கம் லிடோவா என்ற ஊரை 1960-களின் தொடக்கத்தில் இளைஞர்கள் தாங்களாகவே உருவாக்கினார்கள். சேர்ந்து உழுதார்கள், தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தினார்கள், முடிவெல்லாம் ஊர்க்கூட்டத்தில்தான். அதைப் பார்த்து இன்னும் பல ஊர்கள் சேர்ந்து ஒரு சங்கமே ஆயிற்று. நைரேரேயே பாராட்டிய முயற்சி அது. அதிகாரிகள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டாத ஊர்கள் என்பதால் கட்சிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1969 செப்டம்பரில் ஆளும் டானு கட்சி சங்கத்தைக் கலைத்தது, சொத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. உண்மையான உஜாமா அங்கேதான் இருந்தது. அதைக் கொன்றுவிட்டு நான்கு வருடம் கழித்து அதே பெயரில் ஆட்களை விரட்டினார்கள். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

நெய்தல்:
முந்திரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கே ம்ட்வாரா, நெவாலா பக்கம் முந்திரிதான் வாழ்வு. நம் பக்கத்துக் கொல்லம் ஆலைகளுக்குக் கப்பலில் வந்ததில் பெரும்பங்கு அந்தக் கொட்டை. 1973-74-ல் சுமார் 1,45,000 டன் விளைந்தது. 1986-87-ல் 20,000 டன்கூட இல்லை. முந்திரிக்கு மரத்தடி சுத்தமாக இருக்க வேண்டும், உதிர்ந்த கொட்டையை உடனே பொறுக்க வேண்டும். ஆளைத் தோப்பிலிருந்து பிரித்துச் சாலையோரம் குடிவைத்தால் புதர் மண்டும், தீப்பிடிக்கும்.

மணற்கேணி:
முந்திரி விஷயத்தில் பாதிதான் சொல்கிறீர்கள். எழுபதுகளின் கடைசியில் சாம்பல் நோய் வந்து பூவிலேயே கருக்கியது. கந்தகத் தூள் தூவித்தான் பிற்பாடு மீட்டார்கள். அரசு கொடுத்த கொள்முதல் விலையும் மோசம். 1978-ல் உகாண்டாவின் இடி அமீன் படையெடுத்தார், அந்தப் போர்ச் செலவும் தலையில் விழுந்தது. எல்லாப் பழியையும் குடியேற்றத்தின் மேல் போட முடியாது.

நெய்தல்:
நோய் உண்மை, விலையும் உண்மை. ஆனால் நோய் வருமுன்பே, 1974-75-லேயே சரிவு தொடங்கிவிட்டது. அந்த வருடங்களில் நடந்த பெரிய மாற்றம் குடியேற்றம்தானே?

ஊர்க்குருவி:
எச்சரிக்கை முன்பே வந்தது. 1971 கிறிஸ்துமஸ் அன்று, உஜாமாவைத் தீவிரமாகப் புகுத்திக்கொண்டிருந்த இரிங்கா மாகாண ஆணையர் கிளெரு, இசிமானியில் ம்வாம்விந்தி என்ற விவசாயியின் நிலத்துக்குப் போனார். வாக்குவாதம் முற்றி அந்த விவசாயி ஆணையரைச் சுட்டுக் கொன்றார். உடலை ஆணையரின் காரிலேயே ஏற்றி, தானே ஓட்டிப்போய்க் காவல் நிலையத்தில் சரணடைந்தார். அவரைத் தூக்கிலிட்டார்கள். கொலையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு விவசாயி ஏன் அந்த அளவுக்குப் போனார் என்று அன்றைய தலைநகர் டார் எஸ் சலாமில் உட்கார்ந்திருந்தவர்கள் யோசித்திருக்க வேண்டாமா?

மணற்கேணி:
ருவுமா சங்கத்தைக் கலைத்ததற்கு என்னிடம் நியாயம் இல்லை, அது தவறு. ஆனாலும் 1985-ல் நைரேரே யாரும் தள்ளாமல் தானே பதவியை விட்டு இறங்கினார். ஆப்பிரிக்காவில் அன்று அப்படிச் செய்தவர்கள் எத்தனை பேர்?

ஊர்க்குருவி:
இறங்கியது பெருமைதான். ஆனால் 1965 முதல் 1992 வரை அங்கே சட்டப்படி ஒரே கட்சி. அதிபர் தேர்தலில் ஒரே வேட்பாளர், வேண்டும் அல்லது வேண்டாம் என்று மட்டும் குத்தலாம். கூரை பிரிக்கப்பட்டவர்கள் தங்கள் கோபத்தை வேறு எந்தக் கட்சிக்கு வாக்காகப் போட்டிருக்க முடியும்?